சறுக்குப்பலகைத் தேர்வு

சறுக்குப்பலகை என்பது ஒரு நீள்பலகையின் அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு அச்சுகளும் நான்கு சிறு சக்கரங்களும் பொருத்தப்பட்ட ஊர்தி ஆகும். ஒரு காலைப் பலகையின் மீது ஊன்றி, மறு காலால் தரையை உந்தி இதனைச் செலுத்துவர். பேச்சு வழக்கில் இது ஸ்கேட்போர்டு எனப்படுகிறது. கடைகளில் முழுப் பொருளாக விற்கப்பட்டாலும், உண்மையில் இது பலகை, டிரக், சக்கரம், பேரிங் என்னும் தனித்தனி உறுப்புகளின் தொகுப்பு ஆகும். ஒவ்வோர் உறுப்பும் பல அளவுகளில் கிடைக்கிறது. சறுக்குபவரின் முறைக்கும் அவர் சறுக்கும் தரைக்கும் ஏற்ப இவற்றை ஒன்றோடொன்று பொருத்தித் தேர்ந்தெடுப்பதே சறுக்குப்பலகைத் தேர்வு எனப்படுகிறது.

விற்பனைக் கையேடுகள் பெரும்பாலும் பலகையின் அகலத்திலிருந்து தேர்வைத் தொடங்குகின்றன. அவை வழவழப்பான கான்கிரீட் பூங்காக்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. சல்லி பெயர்ந்த தார்ச்சாலையும் மேடு பள்ளமான தெருவும் மிகுந்த விருதுநகர், சிவகாசி, சாத்தூர் போன்ற ஊர்களில் தேர்வைச் சக்கரத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் ஆகும். பலகை சற்று அகலமாகவோ குறுகலாகவோ இருந்தால் பயிற்சியால் சரிக்கட்டலாம். தரைக்கு ஒவ்வாத சக்கரத்தை எந்தப் பயிற்சியாலும் சரிக்கட்ட இயலாது.

வரலாறு

1950களில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கடலலைச் சறுக்கில் ஈடுபட்டோர், அலை இல்லாத நாட்களில் தரையில் சறுக்குவதற்காக, உருளைக் காலணிகளின் எஃகுச் சக்கரங்களை மரப்பலகையில் பொருத்தினர். 1960களில் களிமண் கலவையாலான சக்கரங்கள் வந்தன. இரண்டுமே கடினமானவை. சிறு கல்லில் மோதினாலும் பலகை சட்டென நின்றுவிடும். அதன் மேல் நின்றவர் முன்னே தூக்கி எறியப்படுவார். 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வர்தி என்பவர் பாலியூரித்தேன் என்னும் நெகிழியாலான சக்கரங்களை விற்பனைக்குக் கொண்டு வந்தார். இச்சக்கரம் தரையைப் பற்றிக்கொண்டதோடு அதிர்வையும் உள்வாங்கிக் கொண்டது. சறுக்குப்பலகை விளையாட்டு இன்று உள்ள வடிவத்தைப் பெற்றதற்கு இந்த ஒரு மாற்றமே முதன்மைக் காரணம் எனலாம்.

பலகையின் பின்முனையை மேல்நோக்கி வளைக்கும் முறையை 1969 இல் லாரி ஸ்டீவன்சன் உருவாக்கினார். 1976, 1977 ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவில் கடும் வறட்சி நிலவியபோது வீடுகளின் நீச்சல் குளங்கள் வற்றவிடப்பட்டன. அவற்றின் வளைந்த சுவர்களில் இளைஞர்கள் சறுக்கத் தொடங்கினர். இன்றைய பூங்காக்களின் கிண்ண வடிவத் தளங்கள் அவ்வகையில் வறட்சி தந்த கொடையாகும். 1970களின் இறுதியில் ஆலன் கெல்பாண்டு கையால் பிடிக்காமலே பலகையோடு மேலெழும் ஆலி என்னும் உத்தியை அறிமுகப்படுத்தினார்.

தமிழகத்தில் இதற்கு ஓர் உறவுமுறை ஊர்தி உண்டு. லாரிப் பட்டறைகளில் கழித்துப் போட்ட பழைய பேரிங்குகளைக் கட்டையில் இறுக்கி, அதன் மேல் பலகை அறைந்து சிறுவர்கள் செய்யும் பேரிங் வண்டியே அது. அதில் உட்கார்ந்தோ படுத்தோ செல்வர். பேரிங்கின் எஃகு வெளிவளையமே சக்கரமாகத் தரையைத் தொடுவதால் பெரும் இரைச்சல் எழும், வளைவில் வழுக்கும், சல்லியில் முட்டி நிற்கும். 1950களின் கலிபோர்னியப் பலகைக்கும் இதே குறைகள் இருந்தன.

இந்தியாவில்

தமிழகத்தில் இவ்விளையாட்டு முதலில் பெயர் பெற்ற இடம் மாமல்லபுரம் ஆகும். அங்கு மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த கமலி மூர்த்தி என்னும் சிறுமி வெறுங்காலுடன் சறுக்கும் ஒளிப்படத்தைப் புகழ்பெற்ற அமெரிக்க வீரர் டோனி ஹாக் இணையத்தில் பகிர்ந்ததை அடுத்து அவர் பரவலாக அறியப்பட்டார். அவரைப் பற்றிச் சாசா ரெயின்போ இயக்கிய கமலி என்னும் குறும் ஆவணப்படம் 2020 ஆம் ஆண்டின் பாஃப்டா விருதுகளில் பிரித்தானியக் குறும்படப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. அப்பிரிவில் விருது பெற்ற படமும் சறுக்குப்பலகை பற்றியதே. அது காபூல் நகரச் சிறுமிகளைப் பற்றியது. மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் உள்ள சன்வார் என்னும் சிற்றூரில் 2015 இல் ஒரு கான்கிரீட் சறுக்குப் பூங்கா அமைக்கப்பட்டது.

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 2018 முதலும், ஒலிம்பிக்கில் டோக்கியோ 2020 போட்டிகள் முதலும் (நடைபெற்றது 2021 இல்) சறுக்குப்பலகை இடம் பெற்றுள்ளது. டோக்கியோவில் மகளிர் தெருப் பிரிவில் தங்கம் வென்ற சப்பானியரான மொமிசி நிசியாவுக்கு அப்போது வயது 13.

சறுக்கும் முறைகள்

தேர்வுக்கு முன் முடிவு செய்ய வேண்டியது, பலகையைக் கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதாகும். படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்ணை விளிம்பு போன்றவற்றில் தாவியும் உரசியும் செய்யும் உத்திகள் தெருமுறை எனப்படும். கிண்ணம், சாய்தளம் ஆகியவற்றில் ஏறி இறங்குவது பூங்கா முறை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குப் போய்ச் சேர்வதையே நோக்கமாகக் கொள்வது உலாமுறை. ஆங்கில வழக்கில் குரூசிங். இதற்கான நீண்ட பலகை லாங்போர்டு எனப்படும். மலைச்சரிவில் மிகு விரைவில் இறங்குவது தனிக் கலை. அதற்குப் பட்டறிவும் மூடிய சாலையும் வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலும் காணொளிகளில் தெருமுறை உத்திகளைப் பார்த்தே ஆர்வம் கொள்கிறார். ஆனால் முதல் சில மாதங்கள் அவர் செய்யப்போவது உந்துதல், திரும்புதல், நிறுத்துதல் ஆகியவை மட்டுமே. பலரும் பலகையைக் கைவிடுவது இக்காலத்தில்தான். உத்திக்கென வாங்கிய கடினச் சக்கரம் கரடான தெருவில் நடுநடுங்கி ஓடும்போது, தமக்குச் சமநிலை வரவில்லை என்று அவர் எண்ணிக் கொள்கிறார். பிழை அவரிடம் இல்லை, சக்கரத்தில் உள்ளது.

சக்கரம்

சக்கரத்திற்கு இரண்டு அளவுகள் உண்டு: விட்டமும் கடினமும். விட்டம் மில்லிமீட்டரில் தரப்படும். கடினம் டியூரோமீட்டர் என்னும் கருவியால் அளக்கப்பட்டு ஏ அளவுகோலில் குறிக்கப்படும். எண் உயர உயரக் கடினம் மிகும். இரண்டும் சக்கரத்தின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அவ்வாறு எதுவும் அச்சிடப்படாத சக்கரத்தை ஐயத்துடன் பார்ப்பது நல்லது.

தெருமுறைக்கு 50 முதல் 54 மிமீ விட்டமும் 99ஏ முதல் 101ஏ வரை கடினமும் வழக்கம். சிறிய சக்கரம் எடை குறைந்தது, பலகையைத் தரைக்கு அருகில் வைப்பது. கடினமான சக்கரம் வேண்டும்போது வழுக்கிக் கொடுப்பது. பூங்கா முறைக்கு 54 முதல் 60 மிமீ வரை பயன்படும். உலாமுறைக்கு 60 மிமீக்கு மேல், 78ஏ முதல் 87ஏ வரையிலான மென்மையான சக்கரங்கள் ஏற்றவை.

விட்டம் ஏன் முக்கியம் என்பதை எளிய கணக்கால் காட்டலாம். 6 மிமீ உயரமுள்ள ஒரு சல்லி சாலையில் கிடப்பதாகக் கொள்வோம். அதன் மீது 52 மிமீ சக்கரம் ஏற, அச்சில் உள்ள எடையைப் போல் ஏறத்தாழ 0.83 மடங்கு கிடைவிசை தேவை. 70 மிமீ சக்கரத்துக்கு 0.68 மடங்கு போதும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு விசை குறைகிறது. இக்கணக்கு சக்கரம் சிறிதும் அமுங்காது எனக் கொண்டு செய்யப்பட்டது. மென்மையான சக்கரம் சல்லியைச் சுற்றி அமுங்கிக் கொடுப்பதால் அதன் தடை இன்னும் குறையும். மாட்டுவண்டியின் சக்கரம் ஆளுயரத்தை ஒட்டிச் செய்யப்படுவதும், பள்ளமான தெருவில் சிறு சக்கர இழுபெட்டி தடுமாறுவதும் இதே காரணத்தால்தான்.

மென்மைக்கு விலை உண்டு. மென்சக்கரம் தரையை இறுகப் பற்றுவதால் பக்கவாட்டில் வழுக்கி நிறுத்துவது கடினம். எடையும் கூடுதல். உத்திகள் செய்யும்போது தரையில் மோதிப் பந்துபோல் துள்ளும். வெயிலில் சூடேறிய தாரில் பாலியூரித்தேன் மேலும் சற்று இளகும் என்பதால், நண்பகலில் 78ஏ சக்கரம் மந்தமாக ஓடுவது போலத் தோன்றும்.

இடைவழியாக 54 முதல் 58 மிமீ வரை விட்டமும் 85ஏ முதல் 92ஏ வரை கடினமும் கொண்ட சக்கரங்கள் உள்ளன. கரடான தெருவில் கற்றுக்கொண்டு, பின்னர் எளிய உத்திகளுக்கும் முயலும் ஒருவருக்கு இவையே மிகப் பயனுள்ளவை. இருவகை ஆசையும் உள்ளவர் இரண்டு பலகைகள் வாங்க வேண்டியதில்லை. ஒரே பலகைக்கு இரண்டு தொகுதிச் சக்கரங்கள் வைத்துக்கொண்டு, இடத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும்.

பலகை

டெக் எனப்படும் பலகை பெரும்பாலும் ஏழு அடுக்கு மேப்பிள் மரத்தகடுகளைப் பசையிட்டு அழுத்திச் செய்யப்படுகிறது. சில அடுக்குகள் குறுக்கு வாட்டில் வைக்கப்படுவதால் பலகை பிளவுறாமல் தாங்கும். மேற்பரப்பில் உப்புத்தாளைப் போன்ற சொரசொரப்பான ஒட்டுத்தாள் ஒட்டப்படும்; கால் வழுக்காதிருக்க இது வேண்டும்.

பெரியவர்களுக்கு 8 முதல் 8.5 அங்குல அகலம் பொதுவாகப் பொருந்தும். சிறுவர்களுக்கு 7 முதல் 7.5 அங்குலம் வரை. குறுகிய பலகை சுழற்றுவதற்கு எளிது. அகலமான பலகை நிற்பதற்கு உறுதியானது. பாதம் பலகையின் குறுக்கே வைக்கப்படும்போது விரல்களும் குதிகாலும் ஓரத்தை அதிகம் தாண்டாமல் இருத்தல் வேண்டும். நீளத்தை விட இரு டிரக்குகளுக்கு இடையிலான தொலைவே ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. இது கூடினால் நேராக ஓடும், குறைந்தால் சட்டெனத் திரும்பும். அடிப்பக்க ஓவியத்திற்கும் ஓட்டத்திற்கும் தொடர்பு இல்லை, விலைக்கு மட்டும் உண்டு.

டிரக்

மாட்டுவண்டிக்கு இருசு போலச் சறுக்குப்பலகைக்கு டிரக். லாரியைக் குறிக்கும் சொல்லோடு இதனைக் குழப்பிக் கொள்ளக்கூடாது. அலுமினியக் கலப்புலோக வார்ப்பின் ஊடே எஃகு அச்சு செல்லும். நடுவில் உள்ள போல்ட்டைச் சுற்றி இரண்டு நெகிழி வளையங்கள் இருக்கும். மெக்கானிக்குகள் இவற்றைப் புஷ் என்பர். சறுக்குபவர் ஒரு பக்கம் சாயும்போது புஷ் அமுங்கி அச்சு திரும்புகிறது. பலகைக்குத் திசைமாற்றி வேறு கிடையாது.

அச்சின் முழு நீளம் பலகையின் அகலத்திற்குச் சமமாகவோ, கால் அங்குலத்திற்குள்ளான வேறுபாட்டுடனோ இருக்க வேண்டும். இங்கு ஒரு குழப்பம் நேர்வதுண்டு. சில நிறுவனங்கள் 139, 149 என இடும் எண்கள் அச்சின் நீளத்தைக் குறிப்பவை அல்ல. 139 என்பது 8 அங்குலப் பலகைக்கும் 149 என்பது 8.5 அங்குலப் பலகைக்கும் உரியவை.

டிரக்கின் உயரம் சக்கரத்தைப் பொறுத்தது. தாழ்ந்த டிரக்கில் பெரிய சக்கரம் பொருத்தினால், திரும்பும்போது சக்கரம் பலகையின் அடியில் உரசிச் சட்டென நிற்கும். விழுந்து அடிபடுவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. ஆகவே 56 மிமீக்கு மேற்பட்ட சக்கரத்திற்கு டிரக்கிற்கும் பலகைக்கும் நடுவே 3 மிமீ தடிமனுள்ள இடைத்தட்டும், 60 மிமீக்கு மேல் 6 மிமீ தட்டும் வைப்பது வழக்கம். தட்டு வைத்தால் அதற்கேற்ற நீளமான போல்ட்டுகளும் வேண்டும். மென்சக்கரம் வாங்குவோர் பலரும் மறந்துவிடுவது இதைத்தான்.

எடை கூடியவருக்குக் கடினமான புஷ்ஷும் எடை குறைந்தவருக்கு மென்மையானதும் பொருந்தும். சிறுவர்களின் பலகை திரும்பவே மறுத்தால், நடு நட்டைத் தளர்த்துவதற்கு முன் புஷ்ஷை மாற்றிப் பார்க்கலாம்.

பேரிங்

ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டாக மொத்தம் எட்டு பேரிங்குகள் உள்ளன. அவற்றின் அளவு உலகெங்கும் ஒன்றே: உள்விட்டம் 8 மிமீ, வெளிவிட்டம் 22 மிமீ, தடிமன் 7 மிமீ. இது 608 என்னும் எண்ணால் அறியப்படும் பொதுவகைப் பேரிங் ஆகும். சிறு மின்மோட்டார்களிலும் இதுவே பயன்படுவதால், சறுக்குப்பலகைக் கடையே இல்லாத ஊரிலும் இயந்திர உதிரிப்பாகக் கடையில் 608 என்று கேட்டு வாங்கிவிடலாம்.

ஏபெக் 3, 5, 7, 9 என்னும் தர எண்கள் விளம்பரங்களில் பெரிதாக இடம் பெறுகின்றன. இவை பேரிங்கின் அளவுத் துல்லியத்தை மட்டுமே குறிப்பவை. பலகை எவ்வளவு விரைவாக ஓடும், குதித்து இறங்கும் அதிர்ச்சியை எவ்வளவு தாங்கும் என்பன பற்றி அவை ஒன்றும் கூறுவதில்லை. உயர்ந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் செலவிடுவதை விட அதே தொகையை நல்ல சக்கரத்தில் செலவிடுவது மேல்.

விருதுநகர் மாவட்டச் சூழல்

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த, கரிசல் மண் பரந்த நிலம். கோடையில் கரிசல் நுண்ணிய தூசியாகப் பறக்கும். மழையில் பசைபோல் ஒட்டும். இரண்டுமே பேரிங்குக்குப் பகை. மாமல்லபுரம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் பேரிங் துருப்பிடிக்கும் என்றால், இங்குத் தூசியால் அரைபடும். எனவே ரப்பர் மூடியுள்ள பேரிங்குகள் ஏற்றவை. மூடியை ஊசியால் மெல்ல நெம்பிக் கழற்றிக் கழுவி, நன்கு உலர்த்தித் தையல் இயந்திர எண்ணெய் ஓரிரு துளி விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகித் தூசியைச் சேர்க்கும். கழுவுவதற்கு மண்ணெண்ணெய் பயன்படுத்துவோர் அதனை அடுப்பிலிருந்தும், முக்கியமாகத் தீப்பெட்டி, பட்டாசு வேலை நடக்கும் இடங்களிலிருந்தும் விலக்கி வைத்தல் வேண்டும்.

நல்ல தரை இல்லாமல் இல்லை. ஊர்களில் தானியமும் மிளகாயும் காயப்போடும் சிமென்ட் களங்கள் அறுவடை இல்லாத காலத்தில் வெறுமையாகக் கிடக்கின்றன. ஊராரின் இசைவோடு பயன்படுத்தினால் தொடக்கப் பயிற்சிக்கு இவற்றை விடச் சிறந்த இடம் கிடைப்பது அரிது. பள்ளிகளின் சிமென்ட் பந்தாட்டத் தளங்களும் அவ்வாறே. இத்தகைய தளம் கிடைத்தவருக்கு மட்டும் 99ஏ சக்கரம் பொருளுடையது. பேவர் கற்கள் பதித்த தெருக்களில் கற்களின் இடைவெளி ஒவ்வொன்றும் சிறு சக்கரத்தைத் தட்டும். அங்கு 60 மிமீ மென்சக்கரம் இல்லாமல் ஓட்டுவது வீண் முயற்சி.

பட்டாசு ஆலைகளின் உலர்த்தும் மேடைகளும் பார்வைக்கு இதே போன்ற சிமென்ட் தளங்களே. விடுமுறை நாளில் அவை வெறிச்சோடிக் கிடந்தாலும் அங்கு நுழைதல் கூடாது. உராய்வாலும் பொறியாலும் தீப்பற்றக்கூடிய வேதித்தூள் தரையிலும் இடுக்குகளிலும் தங்கியிருக்கும். இரும்புக் கருவியையே விலக்கி வைக்கும் ஆலைகளில், சிமென்ட் விளிம்பில் உலோக அச்சை உரசும் விளையாட்டுக்கு இடமில்லை. மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியே கன்னியாகுமரி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இன் வழவழப்பு ஆசை காட்டுவதாயினும், கனரக ஊர்திகள் விரையும் அச்சாலையில் சறுக்குவது உயிருக்கு ஆபத்தானது.

பொம்மைப் பலகைகள்

விளையாட்டுப் பொருள் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பல பலகைகள் உண்மையில் பொம்மைகளே. அவற்றின் டிரக் நெகிழியால் ஆனது, புஷ் அமுங்குவதில்லை, சக்கரம் பாலியூரித்தேன் அன்று. சாய்ந்தாலும் பலகை திரும்பாது. தீபாவளி போனசில் ஆசையாக வாங்கித் தந்த பொருள் ஒரு வாரத்தில் பரணுக்குப் போவதற்கு இதுவே காரணம். கடையிலேயே இதனைச் சோதிக்கலாம். பலகை மீது ஏறி நின்று ஒரு பக்கம் சாய்ந்தால் அச்சு கண்ணுக்குத் தெரியும்படி திரும்ப வேண்டும். சக்கரத்தைச் சிமென்ட் தரையில் தட்டினால் கடகடவென்ற வெற்று நெகிழி ஒலி எழக்கூடாது. உலோக டிரக்கின் மீது காந்தம் ஒட்டாமலும் அச்சின் முனையில் ஒட்டியும் இருப்பின் அது பெரும்பாலும் அலுமினிய வார்ப்பும் எஃகு அச்சும் கொண்டதாகும்.

பணம் குறைவாக உள்ளவர் புதிய பொம்மைப் பலகையை விடப் பயன்படுத்திய நல்ல பலகையை நாடலாம். டிரக்குகள் பல ஆண்டுகள் உழைப்பவை. பலகையின் வால்முனை கூராகத் தேய்ந்திருந்தாலோ, டிரக் போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் இருந்தாலோ, பலகையை மட்டும் மாற்றினால் போதும்.

பாதுகாப்பு

விழும்போது கையை ஊன்றுவது இயல்பு என்பதால் மணிக்கட்டு எலும்பு முறிவு மிகுதியாக நேர்கிறது. மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் முதல் நாளிலிருந்தே தேவை. இருசக்கர ஊர்திக்கான தலைக்கவசம் எடை மிகுந்தது, கழுத்தைத் திருப்ப இடையூறானது. சறுக்குக்கு அல்லது மிதிவண்டிக்கு உரியதே ஏற்றது. ரப்பர்ச் செருப்பில் சறுக்குவது வெறுங்காலை விடவும் ஆபத்து, ஏனெனில் அது காலுக்கும் பலகைக்கும் இடையே நழுவும். தட்டையான அடியுள்ள கான்வாஸ் காலணி போதுமானது.